ஜமக்காளத்தில் வடிகட்டிய சுடுகாட்டு வேந்தன்

"உயிரே போனாலும் சரி, ஜமக்காளம் துவைக்க மாட்டேன்!"

இல்போ கார்வோனன் இந்தச் சபதத்தைச் செய்தது ஜூன் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு, கிசுகிசுப்பாக. வீரம் வேறு, விவேகம் வேறு அல்லவா?

வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"குழாயை மூடு இல்போ. சபதத்துக்கு அவ்வளவு தண்ணி தேவையில்ல."

மூடினான்.

இல்போவைத் தெரியாதவர்கள் தம்பெரே நகரத்தில் கிடையாது. தெரிந்தவர்களும் கிடையாது. 'இருளின் குடல்' என்ற ஹெவி மெட்டல் குழுவின் பாடகன் அவன். மேடைப் பெயர் சுடுகாட்டு வேந்தன். முகமெல்லாம் வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கரி, உதட்டோரம் கறுப்பு வழிசல், தோளிலிருந்து முழங்கை வரை ஆணி முளைத்த தோல் சட்டை, இடுப்பு வரை தலைமுடி. வாயைத் திறந்தால் உரலில் மாட்டிக்கொண்ட கரடி மாதிரி ஒரு சத்தம் வரும். அதில் மெட்டு எங்கே என்று கேட்கக் கூடாது. அது மெட்டு அல்ல, மெட்டல்!

முப்பது வருஷம் அந்தப் பூச்சுக்குப் பின்னாலேயே குடியிருந்ததில் ஒரு சங்கடம். பூச்சைக் கழுவினால் வேந்தனை ஈ கூடச் சீண்டாது. ரொட்டிக் கடையில் ஒரு பெண், அவன் முகம் அச்சடித்த பனியனையே மாட்டிக்கொண்டு, அவனைப் பார்த்து, "பெரியவரே, வரிசையில வாங்க" என்றாள்.

ஆகவே இல்போவின் வாழ்க்கையில் ஆசை ஒன்றே ஒன்றுதான். சினிமாவில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் சொந்த முகம் தெரிய வேண்டும்.

வாய்ப்பு வராமல் இல்லை. நாலு படத்தில் கௌரவத் தோற்றம் கொடுத்துவிட்டான். முதல் படத்தில் பிணம். மூட்டைக்குள் கட்டி ஜிப்பை இழுத்துவிட்டார்கள். இரண்டாவதில் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர், முகமூடி. மூன்றாவதில் கரடி, கரடியின் வாய்க்குள் இவன். நாலாவதில் சவுனா குளியல் காட்சி. அத்தனை நீராவியில் இடது கால் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது. அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுடையது என்று எதிர்வீட்டு பென்ட்டி சாதித்தான்.

பென்ட்டி, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். எதையும் நம்பாத ஜாதி.

"அந்தக் கரடி நான்தான் பென்ட்டி!"

"நம்ப மாட்டேன்."

"சத்தியமா!"

"கரடி நல்லா நடிச்சுது மன்னா. நீயா இருக்க முடியாது."

இப்போது ஜமக்காளத்துக்கு வருவோம்.

பழைய துணிகளை நாடா நாடாவாகக் கிழித்து, தறியில் கொடுத்து, வரி வரியாக நெய்த கந்தல் ஜமக்காளங்கள். இல்போவின் மனைவி சிர்க்கா தன் கையாலேயே நெய்தவை. ஒன்பது. கோடைத் திருநாளுக்கு முன்னால் அவற்றை ஏரிக்கரைத் துவைதுறைக்குக் கொண்டுபோய், பைன் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசி உலர்த்தியாக வேண்டும். திருநாளன்று தரையில் அழுக்கு ஜமக்காளம் கிடந்தால் ஊர் ஒன்றும் சொல்லாது. ஊருக்குச் சொல்லும் பழக்கமே இல்லை. பார்க்கும். அது போதும், ஆள் குறுகிப் போவதற்கு.

இருபத்திரண்டு கோடைகளாக இல்போ இந்த வேலையிலிருந்து தப்பித்து வந்திருந்தான். ஒரு வருஷம் முதுகுவலி. ஒரு வருஷம் ஜெர்மனியில் கச்சேரி. ஒரு வருஷம் சோப்பு ஒவ்வாமை. ஒரு வருஷம் சும்மா படுத்துக்கொண்டு செத்த மாதிரி நடித்தான். தொழில்முறைப் பழக்கம். எல்லா வருஷமும் சிர்க்காவே துவைத்தாள்.

இந்த வருஷம் சிர்க்காவுக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. ஆறு வாரத்துக்குத் தேய்க்கக் கூடாது, பிழியக் கூடாது.

"இந்தத் தடவை நீதான் இல்போ. சனிக்கிழமை."

"நான் ராக் பாடகன் சிர்க்கா!"

"ராக்னா கல்லுதானே? கல்லுன்னு ஒண்ணு இருந்தா அதுல துவைக்கத்தானே வேணும்?"

"அந்தத் துறையில ஊரே நிக்கும். சுடுகாட்டு வேந்தன் சோப்பு நுரையில முட்டி போட்டு நின்னான்னு தெரிஞ்சா என் கௌரவம் என்ன ஆகறது?"

"வெளுக்கும்" என்றாள் சிர்க்கா. பிறகு காப்பியை உறிஞ்சிவிட்டு, "நோ நீன்" என்றாள்.

இந்த 'நோ நீன்' இருக்கிறதே, அந்த ஊர்ப் பேச்சில் பாதி அதுதான். ஆரம்பிக்கலாமா என்றாலும் நோ நீன். முடிந்தது என்றாலும் நோ நீன். பஸ் வந்தாலும் நோ நீன், பஸ் போய்விட்டாலும் நோ நீன். எல்லாம் இழுக்கிற இழுப்பில் இருக்கிறது. சிர்க்கா முப்பது வருஷமாக நூலகத்தில் வேலை பார்ப்பவள். அங்கே அவள் பேசுகிற நீண்ட வசனமே "உஷ்". ஆனால் அவளிடம் பதினேழு வகை நோ நீன் இருந்தது. இப்போது சொன்னது பதினோராவது. அதற்கு அர்த்தம்: 'நீ துவைக்கப் போகிறாய். அது உனக்கு இன்னும் தெரியவில்லை, பாவம்.'

இல்போவுக்குப் பத்து வரைதான் புரியும்.

வியாழக்கிழமை தொலைபேசி மணி அடித்தது.

"சுடுகாட்டு வேந்தன் இருக்காரா?"

இல்போ தொண்டையைச் செருமி, கரடியை இறக்கினான். "வேந்த்த்தன் பேசுறேன்!" மேஜையில் காப்பிக் கோப்பை ஓர் அங்குலம் நகர்ந்தது.

"நான் வென்லா ஹிர்வெலா. படம் எடுக்கறேன். உங்களுக்கு ஒரு கௌரவத் தோற்றம் வச்சிருக்கேன். பத்து செகண்டு."

கரடி ஓடிவிட்டது. அணில் குரலில் கேட்டான்: "முகம் தெரியுமா?"

"தாராளமா."

"கரடி வேஷம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லை. நீங்க நீங்களாவே வரணும். முழு வேஷத்தோட வாங்க, போகப் போக முகம் தெரியும்."

"என்ன காட்சி?"

"ஏரிக்கரை. ஒரு பழங்காலச் சடங்கு. வருஷம் பூரா சேர்ந்த அழுக்கையெல்லாம் அடிச்சு, மிதிச்சு, கழுத்தைத் திருகிப் பிழிஞ்சு, கம்பத்துல தொங்க விடறீங்க."

இல்போவுக்கு மயிர்க் கூச்செறிந்தது. இடுப்பு வரை மயிர் இருந்தால் கூச்செறிதலும் பெரிசாகத்தான் இருக்கும்.

"எத்தனை பேரை?"

"ஒன்பது."

"ரத்தம் வருமா?"

"சாயம் போகலாம்."

"எப்போ?"

"வர்ற சனிக்கிழமை."

சனிக்கிழமை! இல்போ ரிசீவருக்கு முத்தம் கொடுத்தான். முகமும் தெரியும், ஜமக்காளமும் போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! கல் யார் கையில் இருந்தது என்று அவன் யோசிக்கவில்லை.

இனி சிர்க்காவிடம் ஒரு பொய் சொல்ல வேண்டும். நல்ல பொய். இரண்டு மணி நேரம் யோசித்து, ஜமக்காளத்தில் வடிகட்டின பொய் ஒன்றைத் தயார் பண்ணினான்.

"சிர்க்கா... சனிக்கிழமை என்னால வர முடியாது. ஒரு துக்கம்."

"யாரு?"

"நம்ம பாஸ் கிட்டார்க்காரனோட... பூனை."

"அடப் பாவமே. எப்போ போச்சு?"

"சனிக்கிழமை."

"இன்னிக்கு வியாழக்கிழமை."

"அடக்கம் சனிக்கிழமைன்னு சொன்னேன்."

"சரி, போயிட்டு வா" என்றாள் சிர்க்கா. கோபம் இல்லை, கேள்வி இல்லை. இல்போவுக்கே பூனைமேல் துக்கம் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேந்தன் முழு வேஷத்தில் கூடத்துக்கு வந்தான். வெள்ளைப் பூச்சு, கரி, ஆணி, பூட்ஸ். சிர்க்கா கைக்குத் தூளி கட்டிக்கொண்டு உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள்.

"பூனை அடக்கத்துக்கு இந்த வேஷத்தோடயா?"

"அதுக்கு இந்த முகம்தான் பழக்கம்."

"ஓகோ."

அப்போதுதான் கவனித்தான். தரை மொட்டையாக இருந்தது.

"ஜமக்காளமெல்லாம் எங்கே?"

"பென்ட்டி வண்டியில ஏத்திட்டுப் போயிட்டான்."

"அவனா துவைக்கப் போறான்?"

"இல்லை. துவைக்க வேற ஆள் கிடைச்சிருக்கு."

"இந்தக் காலத்துல ஒன்பது ஜமக்காளம் சும்மா துவைச்சுத் தர ஆள் இருக்கா? எவனோ ஒரு ஏமாளி வசமா மாட்டியிருக்கான்னு சொல்லு!"

"ஆமா" என்றாள் சிர்க்கா. "நல்ல மனுஷன். கொஞ்சம் ஏமாளி."

வேந்தன் படி இறங்கும்போது சிரித்த சிரிப்பில் மாடிப்படிப் புறாக்கள் மூன்று இடம் பெயர்ந்தன.

வென்லா சொன்ன இடத்துக்குப் போனால், அது ஏரிக்கரைத் துவைதுறை.

நீளமான மர மேஜைகள். தண்ணீர்த் தொட்டிகள். இரண்டு உருளைகளுக்கு நடுவே துணியைக் கொடுத்து, கைப்பிடியைச் சுற்றிப் பிழிகிற யந்திரம். காயப்போடக் கம்பங்கள். காமிரா ஒன்று, விளக்குகள், பத்துப் பதினைந்து ஆட்கள். மேஜைமேல் பச்சை வாளி நிறையப் பைன் சோப்பு. பக்கத்தில் சுருட்டிச் சுருட்டி வைத்த ஒன்பது ஜமக்காளங்கள்.

வருஷக்கணக்காக மிதித்துப் புரண்டு காப்பி கொட்டிய சொந்த ஜமக்காளங்கள். இல்போ அடையாளம் கண்டுகொண்டானா? மேடைமேல் நிற்பவன் என்றைக்குக் கீழே பார்த்திருக்கிறான்?

"பலி எங்கே?" என்று கர்ஜித்தான்.

வென்லாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. மூக்குக் கண்ணாடி, மஞ்சள் ரப்பர் பூட்ஸ். "இதோ" என்று ஜமக்காளங்களைக் காட்டினாள்.

"சடங்கு?"

"இதோ" என்று பிரஷ்ஷைக் கையில் கொடுத்தாள்.

இல்போ பிரஷ்ஷைப் பார்த்தான். பிரஷ் இல்போவைப் பார்த்தது.

"உலகத்துலயே பயங்கரமான பாடகர், ஊர்ல எல்லாரையும் போலக் கோடைக்கு ஜமக்காளம் துவைக்கிறார். கடைசியா நிமிர்ந்து காமிராவைப் பார்த்து 'நோ நீன்'னு சொல்றார். தியேட்டர் அதிரும்! இதுதான் காட்சி."

"முடியாது! நான் சபதம் பண்ணியிருக்கேன்!"

"பரவாயில்லை" என்றாள் வென்லா, கொஞ்சமும் கலங்காமல். "'பிணவாடை' குழுவோட ஓஸ்மோவைக் கேட்டு வச்சிருக்கேன். பன்னிரண்டு ஜமக்காளம்னாலும் துவைக்கிறேன்னார். முகத்தை மட்டும் கிட்டக்கக் காட்டினாப் போதுமாம்."

ஓஸ்மோ! அந்த மூஞ்சியைக் கிட்டக்கக் காட்டுவதா? சபதம் ஒரு தட்டில், முகம் ஒரு தட்டில். தராசு 'டங்'கென்று சாய்ந்தது.

"சோப்பு எவ்வளவு போடணும்?" என்றான் வேந்தன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு குரல். "என்ன மன்னா! பூனை எப்படி இருக்கு?"

பென்ட்டி! தன் வீட்டு ஜமக்காளம் ஒன்றை விரித்துப்போட்டு, சாவகாசமாக ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"நீ எங்க இங்க?"

"கூட்டத்துல ஒரு ஆளா நிக்கச் சொன்னாங்க. நின்னுட்டிருக்கேன்."

"எங்க வீட்டு ஜமக்காளத்தை எடுத்துட்டுப் போனியாமே, எங்கே?"

"துவைக்க ஆள்கிட்டக் கொடுத்தாச்சு."

"நல்லாத் துவைக்கிறானா?"

"இன்னும் ஆரம்பிக்கலை. நிறையப் பேசுற ஆளா இருக்கான்."

"ஆளைத் தட்டி வேலை வாங்கு பென்ட்டி. விட்டா ஏய்ச்சிடுவானுங்க."

"சரி மன்னா" என்றான் பென்ட்டி, மிகுந்த பணிவோடு.

முதல் டேக். இல்போ தேய்த்தான். தண்ணீர் ஊற்றினான். அலசினான். பிழிந்தான். தொங்கவிட்டான். நிமிர்ந்து காமிராவைப் பார்த்து, "நோஓஓ நீஈஈன்!" என்று உறுமினான். ஏரியில் இருந்த வாத்துகள் அனைத்தும் எதிர்க்கரைக்குக் குடிபெயர்ந்தன.

"பிரமாதம்!" என்றாள் வென்லா. "ஆனா கொஞ்சம் மரணம் ஜாஸ்தி. இன்னொரு தடவை."

இல்போ அதே ஜமக்காளத்தை இழுத்தான்.

"ஐயையோ, அது வேண்டாம். அது ஈரம். ஏற்கெனவே சுத்தமாயிடுச்சு. ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க. அழுக்கானது வேணும். புதுசு எடுங்க."

இரண்டாவது ஜமக்காளம். இரண்டாவது டேக். இந்தத் தடவை அணில் குரல் வந்துவிட்டது.

"இது ரொம்ப வீடு மாதிரி இருக்கு. இன்னொண்ணு."

மூன்றாவது.

"மூலையில தேய்க்கலையே? காமிரா மூலையைத்தான் பார்க்குது."

மூலையில் தேய்த்தான்.

நான்காவதில் வெயில் உச்சிக்கு வந்தது. வேந்தன் வெந்தான். சோப்புத் தண்ணீரும் வியர்வையும் சேர்ந்து முகத்துப் பூச்சு கரைய ஆரம்பித்தது. வெள்ளை தாடைக்கு இறங்கியது, கரி கழுத்துக்கு வந்தது. முப்பது வருஷச் சாயம் ஊரறிய வெளுத்தது. உள்ளேயிருந்து, சிவந்து, சுருங்கி, ஐம்பத்துநாலு வயசுக்குரிய ஒரு சாதுவான முகம் மெல்ல எட்டிப் பார்த்தது.

"நிறுத்தாதீங்க!" வென்லா கத்தினாள். "முகம் தெரியுது!"

முகம் தெரிகிறது! அந்த ஒரு வார்த்தை போதாதா? இல்போ ஐந்தாவது ஜமக்காளத்தின்மேல் புலி மாதிரிப் பாய்ந்தான். ஆறாவதைப் பிழியும்போது தலைமுடியும் உருளைக்குள் போய்விட்டது. பென்ட்டி ஓடிவந்து, கைப்பிடியைப் பின்னால் சுற்றுவதற்குப் பதில் முன்னால் சுற்றினான்.

"ஆஆஆ! பென்ட்டி! நிறுத்து!"

"ஆளைத் தட்டி வேலை வாங்கச் சொன்னியே மன்னா."

"அது துவைக்கிற ஆளை!"

"அதான்."

முடி மறுபக்கம் இஸ்திரி போட்ட மாதிரி வந்தது. வென்லா கைதட்டினாள். ஏழாவது. எட்டாவது. 'நோ நீன்' ஒவ்வொரு தடவையும் ஒரு தினுசாக வந்தது. சோகமாக வந்தது. சளியோடு வந்தது. ஒரு தடவை ஜெர்மன் மொழி மாதிரி வந்தது.

"வீட்டுல உங்க மனைவி எப்படிச் சொல்வாங்களோ அப்படிச் சொல்லிப் பாருங்களேன்" என்றாள் வென்லா.

"அவ எப்படிச் சொன்னாலும் எனக்குப் புரியாதும்மா."

"அது தெரியும்" என்று வாய்தவறிவிட்டு, "ஒன்பதாவது!" என்று திரும்பிக்கொண்டாள்.

ஒன்பதாவது ஜமக்காளத்தை விரித்தான். சிவப்பு வரி, சாம்பல் வரி, அப்புறம் ஒரு கறுப்பு வரி. கறுப்பு வரியில் சோப்பைப் போட்டு நாலு இழுப்பு இழுத்தான். நுரை விலகியது. வரிக்குள்ளிருந்து ஒரு கண் அவனையே பார்த்தது.

மண்டையோட்டுக் கண்.

இல்போவின் கை நின்றது. இந்தக் கண்ணை அவனுக்குத் தெரியும். 'இருளின் குடல்' முதன்முதலில் ஊர் ஊராகப் போனபோது அச்சடித்த கறுப்புப் பனியன். உலகத்திலேயே அது ஒன்றுதான் மிச்சம். ஆறு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனது. டிரம்மர்தான் திருடிவிட்டான் என்று முடிவுகட்டி, அன்றிலிருந்து டிரம்மரோடு பேசுவதையே நிறுத்திவிட்டான். டிரம்மர் அதை இன்றுவரை கவனிக்கவில்லை.

அடுத்த வரியைத் தேய்த்தான். பல் தெரிந்தது. அதற்கடுத்த வரியில் 'குட' என்று இருந்தது. 'ல்' எந்த வரியில் போயிற்றோ!

"இது... இது என் பனியன்!" என்று அலறினான். "இது என் வீட்டு ஜமக்காளம்!"

காமிராவுக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் யாரோ ஏலக்காய் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் தூளி.

"நோ நீன்" என்றாள் சிர்க்கா.

அடடா, அது நோ நீன்! அதில் ஆரம்பம் இருந்தது, முடிவு இருந்தது, இருபத்திரண்டு கோடை இருந்தது. ஒலிப்பதிவு செய்கிறவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

"சி... சிர்க்கா! நீயா?"

"பூனை அடக்கம் நல்லா நடந்ததா?"

"அது வந்து..."

"காலையில பாஸ் கிட்டார்க்காரன் வீட்டுக்குப் போன் பண்ணி அனுதாபம் சொன்னேன். பூனையே எடுத்துப் பேசிடுச்சு. நல்லா இருக்காம்."

"இந்தப் பொண்ணை உனக்கு எப்படித் தெரியும்?"

"வாராவாரம் நூலகத்துக்கு வர்ற பொண்ணு. படம் எடுக்க இடம் வேணும்னா, துறையைக் காட்டினேன். பொருள் வேணும்னா, ஜமக்காளத்தைக் கொடுத்தேன். இடம், பொருள் ரெண்டும் ஆச்சு. ஏவலுக்குத்தான் ஆள் இல்லாம இருந்தது." சிர்க்கா ரொட்டியைக் கடித்தாள். "நீ வந்துட்ட, வேந்தே."

"என் பனியனைக் கிழிச்சிருக்கே!"

"எவ்வளவு வருஷமா உன் காலடியிலதானே கிடந்தது. ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்." பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "அந்த ஓரத்துல காப்பிக் கறை இன்னும் இருக்கு பாரு" என்றாள்.

இல்போ தேய்த்தான்.

இருந்தாலும் அவன் நெஞ்சு முழுக்க உடைந்துவிடவில்லை. ஜமக்காளம் போனால் போகிறது. முகம் படத்தில் இருக்கிறதே! மார்ச் மாதம் படம் வந்தது. முதல் நாள் மதியக் காட்சிக்குக் குழு முழுவதையும் கூட்டிக்கொண்டு போனான். டிரம்மரிடம் மன்னிப்புக் கேட்டான். "எதுக்கு?" என்றான் டிரம்மர். அதுவே ஆறு வருஷத்தில் அவன் பேசிய முதல் வார்த்தை. பென்ட்டியை நடு இருக்கையில் உட்காரவைத்து, "இன்னிக்கு நம்புவே!" என்று முழங்கையால் இடித்தான். சிர்க்கா ஓரத்தில் உட்கார்ந்து உப்பு மிட்டாய் சாப்பிட்டாள்.

காட்சி வந்தது. ஏரி. நுரை. பிரஷ் பிடித்த இரண்டு கைகள். ஈர முடி தொங்குகிறது. முகம் நிமிர்கிறது, நிமிர்கிறது, இதோ நிமிர்ந்துவிட்டது. அந்த நொடியில் இரண்டு கைகளும் ஒன்பதாவது ஜமக்காளத்தைத் தூக்கிக் கம்பத்தில் போட்டன. திரை முழுக்கச் சிவப்பு வரி, சாம்பல் வரி, கறுப்பு வரி. கறுப்பு வரியிலிருந்து ஒரு மண்டையோட்டுக் கண் ஜனங்களை முறைத்தது. அதன் பின்னாலிருந்து தெளிவாக, சிர்க்காவின் குரலில், "நோ நீன்."

தியேட்டர் அதிர்ந்தது. அந்த ஊரில் சிரிக்கவே சிரிக்காதவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள்.

"பின்னாடி நிக்கிறது நான்தான்!" இல்போ பென்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஜமக்காளத்துக்குப் பின்னாடி! நான்!"

"நம்ப மாட்டேன்."

"டேய், நீ அங்கேயே நின்னுட்டிருந்தியே!"

"நின்னேன். ஆனா குரல் பொம்பளைக் குரலா இருக்கே மன்னா."

கடைசியில் பெயர்கள் ஓடின. இல்போ எழுந்து நின்று தேடினான்.

கௌரவத் தோற்றம்: சிர்க்கா வீட்டு ஜமக்காளங்கள் ஒன்பது.

அதற்குக் கீழே, எறும்பு எழுத்தில், 'ஜமக்காளங்களை நல்லபடியாகப் பராமரித்த இல்போவுக்கு நன்றி' என்று ஒரு வரி.

இல்போ கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி வாசித்தான். கௌரவத் தோற்றம், கௌரவத் தோற்றம் என்று வாய்க்குள் உருட்ட உருட்ட, நாக்கு குழறி, 'கௌரவம் தோற்றோம்' என்றுதான் வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்தான். படியேறி, பூட்ஸைக் கழற்றி, ஒன்பதாவது ஜமக்காளத்தின்மேல் நின்றான். கண் அவனைப் பார்த்தது. அவன் அதன்மேல் காலை வைத்து மூடினான்.

சிர்க்கா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தோள்பட்டை எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. கையில் ஒரு கடிதம்.

"வென்லா அடுத்த படம் ஆரம்பிக்கிறாளாம் இல்போ. உனக்கு ஒரு வேஷம் இருக்காம். பெரிசா ஒண்ணும் இல்லை. வசந்த காலத்துல ஒருத்தர் தன் வீட்டு ஜன்னல் கண்ணாடியெல்லாம் துடைக்கிறார். பதினாலு ஜன்னல்."

"என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா?" வேந்தன் கரடிக் குரலில் கர்ஜித்தான். "சபதம் பண்ணிச் சொல்றேன் சிர்க்கா, உயிரே போனாலும் சரி, நான்..."

நிறுத்தினான். காப்பியைக் குடித்தான். ஜன்னலைப் பார்த்தான். குளிர்காலம் முழுக்கச் சேர்ந்த தூசியில் தெருவே தெரியவில்லை.

"முகம் தெரியுமா?" என்று கேட்டான், அணில் குரலில்.

"கண்ணாடிதானே" என்றாள் சிர்க்கா. "நீ நல்லாத் துடைச்சா தெரியும்."